சுவரை ஒட்டிய காற்று

நாற்பதடிக் கம்பத்தின் உச்சியில்
ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு துணிக்குழாய்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிழியும்.
கிழிந்ததை இறக்கிப் புதியதைக் கட்டுவது
கான்ட்ராக்டில் என் வேலை.
கேட் பாஸில் ஹெல்பர் என்று போட்டிருக்கும்.
காற்றுக்கு ஹெல்பர் என்று
நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

காற்றுக்கும் ஷிஃப்ட் உண்டு இங்கே.
பதினோரு மணிக்குக் கடலிலிருந்து ஏறி வரும்,
அப்போது நாற்றம் மணலிக்கு, மாதவரத்துக்கு.
ராத்திரியில் நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது.
தரைக்காற்று எழுந்து கிழக்கே நடக்கும்,
அப்போது எர்ணாவூருக்கு, எங்களுக்கு.
யாருக்கு எந்நேரம் என்று பை சொல்லிக்கொண்டேதான் இருந்தது,
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பாலிடெக்னிக்கில் நான் மூன்று முறை தோற்ற பேப்பர்
பாய்ம இயக்கவியல்.
ஒரேயொரு வரி மட்டும் மண்டையில் தங்கியது:
சுவரைத் தொடும் அடுக்குக்கு வேகம் பூச்சியம்.
நடுவில் எத்தனை பாய்ச்சல் இருந்தாலும்
தொட்டுக்கொண்டிருப்பது நகராது.
நம்பாமல் வீட்டுக்கு வந்து
ஃபேனை நிறுத்திப் பார்த்தேன்.
நிமிடத்துக்கு முந்நூறு சுற்று சுற்றிய இறக்கையில்
அசையாமல் உட்கார்ந்திருந்தது கரித்தூள்.

எங்கள் சந்து கம்பெனி மதிலோடு ஒட்டியது.
நெடுஞ்சாலையில் கன்டெய்னர் போனது, மெட்ரோ வந்தது,
சந்தின் நடுவில் இருந்தவர்கள்கூட
பொன்னேரி, பட்டாபிராம் என்று போய்விட்டார்கள்.
மதிலைத் தொட்ட பதினேழு வீடு மட்டும்
அப்படியே.

ஒரு மார்கழி இரவு, ஒன்றேமுக்கால்.
முதலில் கண், அப்புறம் தொண்டை.
அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும்,
புத்தகத்தில்.
குழாயிலிருந்து குளிர்ந்து வந்தது
பனியீரத்தைக் கட்டிக்கொண்டு
தரையோடு தரையாக, நாய்க்குட்டி உயரத்தில்,
வாசல் வாசலாக நுழைந்தது.

விதி எனக்கு மனப்பாடம்.
காற்றோடு ஓடாதே. எதிர்த்தும் ஓடாதே.
குறுக்கே ஓடு.
மதிலுக்கு மேலே பார்த்தேன்.
நான் கட்டிய பை
பிழியாமல் காயப்போட்ட கால்சட்டையாய்த் தொங்கியது.
எது குறுக்கே?

ஜனம் பழக்கத்தில் கடற்பக்கம் ஓடியது.
டில்லிராணி ஓடவில்லை.
இடுப்பில் பிள்ளை, கையில் கொசுவர்த்தித் தட்டு,
வாசலில் நின்று பிடித்தாள்.
ஒரு சாண் உயரத்துக்கு நூல் பிடித்தாற்போல் புகை,
அதற்குமேல் சுருண்டு, கலைந்து.
கலைவதற்கு ஒரு விரற்கடை முன்னால்
அந்த நூல் கிழக்கே சாய்ந்தது.
மிக லேசாக.
"தோ பாரு, பொக கடலாண்ட போவுது.
அதுவும் அங்கதான் வரும்.
தேரடி பக்கம் இஸ்துனு வா எல்லாரையும்!"

தெற்கே போனோம், வாயில் ஈரத்துண்டு.
குழாய் குறுகினால் நீர் வேகமெடுக்கும்,
அதுவும் அதே பேப்பர்தான்.
சந்து குறுகும் இடத்தில்
ஜெபமணியின் சக்கர நாற்காலி சிக்கிக்கொண்டது.
நின்றோம், மொத்தப் பேரும்.
நான்கு பேர் தூக்கினோம்.
பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை.

காலையில் ரிப்போர்ட் எழுதினார்கள்.
காற்றின் வேகம்: இல்லை.
பை அப்படித்தான் சொல்லும்.
அந்தத் துணி நிமிரக் கொஞ்சம் பெரிய காற்று வேண்டும்,
கொசுவர்த்திப் புகைக்கு வேண்டாம்.
அதை எழுதக் கட்டமில்லை ஃபாரத்தில்.

மறுவாரம் புதியதைக் கட்டிவிட்டுப்
பழைய பையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
ராணி அதை வெட்டி, நனைத்து,
ஸ்டூலில் ஏறி இறக்கை இறக்கையாகத் துடைத்தாள்.
ஆரஞ்சுத் துணி மூன்றாவது இறக்கையிலேயே கறுத்துவிட்டது.

ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியது, ஐந்தில்.
விடிந்ததும் நிறுத்தி
விரலால் தடவிப் பார்த்தேன்.
வந்து உட்கார்ந்திருந்தது.